வாயிற் பிறக்கும் தீட்டு

சிங்கப்பூர்த் தீவிலே ஆங் மோ கியோ என்றோர் ஊர் உள்ளது. 1973இல் வீடமைப்புக் கழகத்தார் அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கிய பின்னரே அது பெருநகராயிற்று. அதற்கு முன் ரப்பர்த் தோட்டமும் கம்பத்து வீடுகளுமாய்க் கிடந்த நிலம். ஹொக்கியன் என்னும் சீனப் பேச்சில் 'ஆங் மோ' என்பது செம்மயிர். 'கியோ' என்பது பாலம். செம்மயிரன் என்றது வெள்ளைக்காரனை. 1841 முதல் 1853 வரை அரசாங்க நில அளவையாளராயிருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் என்பவரோடு அப்பாலத்தை இணைத்துப் பேசுவோர் உண்டு. அதே பேச்சில் தக்காளிக்கும் இவ்வொலியுள்ள பெயரே வழங்குவதைக் காட்டி வேறு கதை சொல்வோரும் உண்டு. அவ்வழக்கில் நாம் தலையிட வேண்டுவதில்லை. நம் கருத்தை ஈர்ப்பது மற்றொன்று. அரசாங்கத்தார் அவ்வூர்ப் பெயரைச் சீன எழுத்தில் எழுதப் புகுந்தபோது, செம்மயிரைக் குறிக்கும் எழுத்துக்களை விலக்கி, ஏறக்குறைய அதே ஒலியுடையனவும் பெருமை, செழிப்பு என்னும் பொருளுடையனவுமாகிய வேறிரண்டு எழுத்துக்களை இட்டனர். வாயில் செம்மயிரும் ஏட்டில் செழிப்புமாக அவ்வூர் விளங்குகிறது. ஓரினத்தாரை அவர்தம் மயிரைச் சுட்டி அழைத்த சொல்லை ஓர் ஊரின் முகப்பில் எழுதி வைக்க ஆட்சியாளர் கூசினர் என்றே நாம் கொள்கிறோம்.

அவ்வூரில் வாழும் தமிழரைப் பிறர் அழைத்த பெயரும் உண்டு. மலாய்க்காரரும் சீனரும் நம்மவரை நெடுங்காலம் 'கிலிங்' என்றனர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து அது பிறந்தது என்பர். பழைய மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயுவில் அச்சொல்லுக்கு இழிவுப் பொருள் இல்லை; கடல் கடந்து வந்த வணிகரையும் அரசரையும் அது குறிக்கிறது. பிற்காலத்தில் கைதியாகவும், சுமையாளாகவும், தோட்டக் கூலியாகவும் நம்மவர் திரள் திரளாய் வந்திறங்கிய பின்னர், சொல் மாறவில்லை, சொல்லுவோர் குரல் மாறியது. நம்மவரும் இதிற் சளைத்தவரல்லர். சீனருடைய மூக்கையும் கண்ணையும் பழித்து நம்மவர் பேசும் பேச்சை இங்கே எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. படிப்போர் யாவரும் அறிவர். 1989 முதல் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் இன்ன இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் வரையறுத்திருக்கிறது. ஆதலின் பழித்தவனும் பழிக்கப்பட்டவனும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்க வேண்டியவராயினர்.

அவ்வூர்த் தமிழரிற் கிறிஸ்தவரும் உளர். பிற இடத்துக் கிறிஸ்தவரைப் போலவே அவரும், நாவைக் காக்க வேண்டும், தீய சொல் வாயில் வரலாகாது என்று ஞாயிறுதோறும் கேட்டு வருகின்றனர். தீய சொல் என்றால் யாது என்று வினவினால், பெரும்பாலோர் காட்டுவது உடலுறுப்பையும் புணர்ச்சியையும் பற்றிய கொச்சைச் சொற்களையே. அவற்றை நாம் ஆதரிக்கப் புகவில்லை. ஆனால் அவர்தம் வேதநூலும், தமிழ் நாட்டில் அவர்தம் சபைகள் நடந்துவந்த இருநூறு முந்நூறு ஆண்டு வரலாறும் விரலை வேறொரு பக்கம் நீட்டுகின்றன என்பதே நம் துணிபு. அதனை இங்கே ஆராய்வோம்.

முதலில் நம் மொழியின் வழக்கைப் பார்ப்போம். அவையில் சொல்லத் தகாதவற்றை அவையல் கிளவி எனத் தொல்காப்பியம் ஒதுக்கிற்று. நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகத் தகுதி வழக்கை வகுத்தார். கால் கழுவி வந்தான் என்பது இடக்கரடக்கல். சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம். திருக்குறளில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை என 4 அதிகாரங்கள் நாவைப் பற்றியே நிற்கின்றன. இவற்றுள் ஒன்றேனும் கொச்சைச் சொல்லைத் தனியே எடுத்துக் கண்டிக்கவில்லை என்பதைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். கேட்பவன் மனம் மகிழுமா, நைந்து போகுமா என்பதே வள்ளுவர் கையாண்ட அளவுகோல். அந்நூலின் முதலிரு பாலையும் 1730இல் இலத்தீனில் பெயர்த்த பெஸ்கி பாதிரியாரும், 1886இல் முழுநூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும் கிறிஸ்தவத் துறவியரும் குருமாருமே ஆவர்.

சொல்லொன்றின் கதையையும் இங்கே குறிக்கலாம். ஆபாசச் சொல்லை இலங்கைத் தமிழர் 'தூசணம்' என்பர். தமிழ் வேதாகமத்திலோ 'தூஷணம்' என்பது கடவுளைப் பழித்தல். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையிருந்து வேதாகமத்தைத் தமிழாக்கினார். அது 1850இல் அச்சேறிற்று. அவரே 1854இல் பாதிரிமாரின் பழிப்புரைக்கு விடையாக எழுதிய நூலின் பெயர் சைவ தூஷண பரிகாரம். கடவுளைப் பழித்தலும், அயலான் சமயத்தைப் பழித்தலும், தெருச் சண்டையில் வாய்க்கு வந்தபடி வைதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியமை நம் மொழியில் தற்செயலாய் நேர்ந்ததாயினும் பொருளுடைத்து.

எது வசை என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பியர்க்குக் கடவுளின் பெயரை வீணாய் எடுத்து ஆணையிடுவதே பெரும்பழியாயிருந்தது. நாடகமேடையில் விளையாட்டாகக் கடவுளின் பெயரைச் சொல்லுவோர்க்கு 10 பவுன் தண்டம் என்று 1606இல் இங்கிலாந்தின் பார்லிமெண்டு சட்டம் செய்தது. நம் நாட்டு வசையோ கடவுளை அதிகம் தீண்டுவதில்லை. அது தாயின் கற்பைப் பற்றியது; பிறந்த சாதியைப் பற்றியது; குருடு, செவிடு, நொண்டி என்னும் உடற்குறையைப் பற்றியது. ஆண்கள் இருவர் சந்தையில் மோதிக்கொண்டால், அங்கே இல்லாத ஒரு பெண், இருவருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவள், அவமானப்படுகிறாள். இதனைச் சண்டையின் கொடுமை என்பதினும் சமுதாயத்தின் கணக்கு என்பதே பொருந்தும். யார் யாரைத் தாழ்ந்தவர் என்று நாம் உள்ளத்தில் எழுதி வைத்திருக்கிறோமோ, சினம் வந்தபோது அவர் பெயர்களே வாயில் வருகின்றன.

நிற்க. கிறிஸ்தவரின் வேதநூல் கூறுவது யாது? மலைமேல் இயேசு செய்த பேருரையில், கொலையைப் பற்றிப் பேசுமிடத்தே, உடன்பிறந்தானை 'ராகா' என்று சொல்லுதலையும் மூடன் என்று சொல்லுதலையும் கொலையோடு ஒருங்கு வைத்துப் பேசுகிறார். ராகா என்பது அரமேயச் சொல். வெறுமையானவன், உள்ளீடற்றவன் என்று பொருள். தமிழில் வீணன் என்று பெயர்த்தனர். இது கொச்சைச் சொல்லன்று; அவையில் நாணமின்றிச் சொல்லக்கூடிய சொல். ஆயினும் ஒருவனை ஒன்றுமில்லாதவன் என்று தள்ளுவதே அதன் உட்கிடை. தள்ளுதலையே அவர் கொலைக்கு அடுத்த படியில் வைத்தார்.

எபேசு நகரத்தார்க்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், கெட்ட வார்த்தை உங்கள் வாயினின்று புறப்படலாகாது என்ற கருத்தைப் பவுல் கூறுமிடத்தில் வரும் கிரேக்கச் சொல் 'சப்ரொஸ்'. நற்செய்தி நூலில் அதே சொல் வலையில் சிக்கிய ஆகாத மீனையும், கெட்ட மரத்தையும் குறிக்க வருகிறது. அழுகிய பண்டம் என்று கொள்க. அதற்கு மாறாக அவர் வேண்டுவது கேட்போனைக் கட்டியெழுப்பும் சொல். வீடு கட்டுவோரின் தொழிற்சொல்லையே அங்கே ஆளுகிறார். அடுத்த அதிகாரத்தில் அவர் விலக்கும் 'யூத்ரபெலியா' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க அறிஞர் அதனை நற்குணங்களில் ஒன்றாக எண்ணினார். நயமாய் நகையாடும் திறம் என்பது அவர் கொண்ட பொருள். பவுலோ அதனை ஆகாதவற்றோடு சேர்த்தார். நகைச்சுவை முழுவதையும் அவர் தள்ளினார் என்று நாம் எண்ணவில்லை. பிறனை ஏளனஞ் செய்து அவை சிரிக்கும் சிரிப்பு எத்துணை நயமாயினும் அழுகல் என்பதே அவர் கருத்தாதல் வேண்டும்.

இவற்றினும் நம் தமிழர்க்கு மிகவும் உறைக்க வேண்டிய இடம் மத்தேயு எழுதிய நூலின் 15ஆம் அதிகாரம். கை கழுவாமல் உண்ணலாமா என்ற சச்சரவு எழுந்தபோது, வாய்க்குள்ளே போவது மனிதனைக் கெடுப்பதில்லை, வாயிலிருந்து வருவதே கெடுக்கிறது என்ற கருத்துப்பட இயேசு விடையிறுத்தார். 'கெடுத்தல்' என்று நாம் பொதுவாய்ச் சொன்ன இடத்தில் 1871இல் நிறைவுற்ற தமிழ் மொழிபெயர்ப்பு எடுத்தாண்ட சொல் 'தீட்டு'. பவர் என்பாரைத் தலைவராய்க் கொண்ட அக்குழுவினர் இச்சொல்லை இட்டபோது அதன் கனத்தை உணர்ந்தனரோ இல்லையோ நாம் அறியோம். தமிழ்நாட்டில் தீட்டு என்றால் யாருக்குத் தெரியாது? யார் சமைத்தது, யார் தொட்டது, யார் கிணற்றில் மொண்டது என்ற கேள்விகளெல்லாம் அச்சொல்லுக்குள் இருக்கின்றன. ஆகவே கிரேக்க மொழியில் யூதரின் கைகழுவும் சடங்கைப் பற்றி நின்ற வாக்கு, தமிழில் வந்தவுடன் சேரியையும் அக்கிரகாரத்தையும் பற்றிய வாக்காய் மாறிற்று. பறையன் கைச்சோறு தீட்டன்று. அவனைப் பறையா என்று விளிக்கும் வாயே தீட்டு என்று அது தமிழனுக்குச் சொல்லுகிறது. இதனினும் வெட்டவெளிச்சமாய் எந்தச் சீர்திருத்தக்காரர் பேசியிருக்கக் கூடும்?

ஆனால் அதே அதிகாரத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. கானானிய இனத்துப் பெண்ணொருத்தி தன் மகளின் பிணி தீர வேண்டி வந்தபோது, பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்ற கருத்தில் இயேசுவே விடை சொன்னார் என்று எழுதியிருக்கிறது. உரையாசிரியர்கள் இதற்குச் சொல்லும் அமைதிகள் பல. அவளைச் சோதித்தார் என்பர். செல்லமாக வளர்க்கும் குட்டியையே அச்சொல் குறிக்கும் என்பர். நமக்கு அவ்வுரைகளினும் அப்பெண்ணின் விடையே பெரிதாய்த் தோன்றுகிறது. அவள் அச்சொல்லை மறுக்கவுமில்லை, அதனால் தலைகுனியவுமில்லை; மேசையினின்று விழும் துணிக்கை குட்டிகளுக்கும் உண்டே என்று அதனையே திருப்பி நிறுத்தி, கேட்டதைப் பெற்றாள்; அவள் விசுவாசம் பெரிதென்ற பாராட்டையும் அவர் வாயாலேயே பெற்றாள். இவ்வகை விடையைத் தமிழ் நாட்டிலும் பின்னொருவர் சொன்னார். அவரைப் பற்றிப் பிறகு கூறுவோம்.

இனிச் சபைகளின் வரலாற்றுக்கு வருவோம். சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருடைய அச்சுக்கூடத்திலிருந்து 1713இல் வெளிவந்த தமிழ்ச் சிறுநூலின் பெயர் 'அக்கியானம்'. நம் நாட்டார் சமயத்துக்கு அவர் இட்ட பெயர் அது. அஞ்ஞானம், அறியாமை என்பது பொருள். அன்று முதல் கிறிஸ்தவனல்லாத அயலான் அஞ்ஞானியானான். பெற்ற தாயும் உடன்பிறந்த அண்ணனும் கூடச் சபையின் பேச்சில் அஞ்ஞானிகளாயினர். வியப்பு யாதெனில், அதே 1713ஆம் ஆண்டில் அதே சீகன்பால்கு தென்னிந்தியக் கடவுளரின் மரபைப் பற்றி விரிவானதொரு நூலை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். ஏடுகளைத் தேடிப் படித்து, ஊராரைக் கேட்டுக் கேட்டு, அவர் சொன்னவற்றைப் பொறுமையோடு எழுதிய நூல் அது. தமிழரின் அறிவையும் ஒழுக்கத்தையும் மதித்த கை அதில் தெரிகிறது. ஆனால் பழிப்புநூல் உடனே அச்சேறிற்று. மதிப்புநூல் ஐரோப்பாவில் கையெழுத்துப் பிரதியாய்க் கிடந்து 1867இல்தான் அச்சுக் கண்டது. அவர் இறந்தோ 148 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிறிஸ்தவர் தம்முள் பேசிக்கொண்ட பேச்சும் இனிதாயில்லை. தேம்பாவணி பாடிய அதே பெஸ்கி, லுத்தரன் சபையாரை மறுத்து 'லுத்தேரினத்தியல்பு' என்றொரு நூல் எழுதினார். கத்தோலிக்கர் மற்றவரைப் பதிதர் என்றனர். மற்றவர் கத்தோலிக்கரை விக்கிரக வணக்கக்காரர் என்றனர். இந்தச் சண்டையில் தோய்ந்தவர் தெருவில் கொச்சைச் சொல் பேசாத ஒழுக்கசீலர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பழிச்சொல்லால் உண்டாகும் கேடு பேச்சோடு நிற்குமோ? இராசநாயக்கன் என்றொருவர் இருந்தார். தஞ்சைப் படையில் பணிபுரிந்தவர், பறையர் குலத்தவர், தாமே வேதநூலைப் படித்துத் தெளிந்து லுத்தரன் சபையில் சேர்ந்து, நாட்டுப்புறமெங்கும் உபதேசியாய் உழைத்தார். 1733இல் ஆரோன் என்பவர் தமிழரில் முதற்குருவாய் அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தெரிய வேண்டிய காலத்தில் இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவர் கையிலிருந்து திருவிருந்தை மேற்சாதிக் கிறிஸ்தவர் வாங்கார் என்ற அச்சத்தால் அது கைவிடப்பட்டது. 1741இல் தியோகு என்பவர் குருவானார். வாய்க்குள்ளே போகும் அப்பம் தீட்டாகாது என்று படித்தவர்களே, அந்த அப்பத்தைக் கொடுக்கும் கையைத் தீட்டென்றனர்.

தஞ்சையில் நடந்தது இன்னும் விரிவானது. சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்று விளங்கிய வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞருள் முதன்மையானவர். புதிதாய் வந்த மிஷனரிமார் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது, 1829இல் அவர் சாதியின் நியாயத்தை வற்புறுத்தி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன குறைகள் பல. வழக்கத்தில் ஊறிய பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், மணத்திலும் பிணத்திலும் மலரை விலக்குகிறார்கள், தமிழிசையைத் தள்ளுகிறார்கள், வேளாளரைப் பறையரோடு கலந்து உட்காரச் சொல்லுகிறார்கள். இவற்றுள் முன் மூன்றிலும் அவர் பக்கம் நியாயம் நிரம்ப உண்டு என்பதே நம் எண்ணம். தமிழ்ப் பாட்டையும் பூவையும் பறித்துக்கொள்ளும் உரிமை ஐரோப்பியனுக்கு எங்கிருந்து வந்தது? ஆனால் நான்காவது குறையை மற்ற மூன்றோடு ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடிந்ததே, அதுதான் அக்காலத்தின் நோய். சொல்லின் இனிமையில் அவ்வளவு நுண்ணுணர்வு வாய்ந்த பாவலருக்கு, பக்கத்தில் உட்கார வந்தவனைத் தள்ளுவதில் கசப்புத் தோன்றவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே முற்றும் கைவிட வேண்டுமென்று ஆணை விடுத்தார். வேளாளர் பலர் சபையை விட்டே விலகினர்.

இதிலிருந்து மிஷனரிமார் எல்லோரும் மனிதரை மதித்தவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. இடையன்குடியில் பணிபுரிந்த கால்டுவெல் ஐயர் 1849இல் திருநெல்வேலிச் சாணார் என்னும் பொருள்பட ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் தந்து நம் மொழிக்குப் பெருமை தேடிய அதே பேரறிஞர்தாம். தம் சபையில் சேர்ந்த மக்களைப் பற்றியே அவர் அதில் எழுதினார். அவர்தம் அறிவையும் வழிபாட்டையும் மிகத் தாழ்த்தி எழுதினார். சீமையில் நன்கொடை கொடுப்போர் இரங்க வேண்டுமென்று அவ்வாறு எழுதினாரோ என்னவோ. அம்மக்களின் பிள்ளைகள் அவர் நடத்திய பள்ளிகளிலேயே ஆங்கிலம் கற்று அந்நூலைப் படித்தபோது மனம் கொதித்தனர். சட்டாம்பிள்ளை என்பவர் 1857இல் வெள்ளைக்காரர் தலைமையை உதறித் தனிச்சபை கண்டதற்கு அந்தப் புண்ணும் ஒரு காரணமாயிற்று. பல பத்தாண்டுகள் எதிர்ப்பு ஓயவில்லை. கொச்சைச் சொல் ஒன்றேனும் இல்லாத, திருத்தமான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல் அது. பவுல் சொன்ன அழுகல் அதில் இருந்ததா இல்லையா என்பதைச் சாணார் என்று அழைக்கப்பட்டவரைக் கேட்டல்லவா அறிய வேண்டும்? 1921இல் அரசாங்கம் தன் ஏடுகளில் அப்பெயரை விடுத்து நாடார் என்று எழுத இசைந்தது.

தம்மைச் சுட்டிய இழிசொல்லை என்செய்வது என்பதில் நம் நாட்டார் இரு வழி கண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எச்சொல்லால் எம்மை அடித்தீர்களோ அச்சொல்லையே தலைப்பில் அச்சிட்டு உங்கள் வீட்டு வாயிலில் போடுகிறோம் என்ற துணிவு அது. கானானியப் பெண் செய்ததும் இதுவே. அயோத்திதாசப் பண்டிதர்க்கு இது உடன்பாடன்று. இழிந்த பெயரை ஏற்பதே கூடாது என்பது அவர் கொள்கை. 1907இல் அவர் தொடங்கிய வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசாங்கம் பழைய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. இவ்விரு வழியில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அடிபட்டவன் தான் எப்படி எழுவது என்பதைத் தானே தெரிந்துகொள்ளட்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1920களின் தொடக்கத்தில், சிங்கப்பூரிலும் ஒரு பெயர் மாறிற்று. துறைமுகத்தை அடுத்த ஒரு தெருவுக்குக் கிலிங் தெரு என்று பெயர் வழங்கிற்று. அது நம்மவர்க்கு இழிவு என்ற எண்ணம் வலுத்து, தெருவின் பெயர் சூலியா தெரு ஆயிற்று. சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரைக் குறிக்கும் பெயர் அது. பலகை மாறிய பின்னும் வாய்கள் நெடுநாள் பழைய பெயரையே சொல்லின என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கூலி என்னும் சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். அது நம் தமிழ்ச் சொல்லினின்று பிறந்தது என்போரும், குஜராத்தின் கோலி என்னும் மக்கட்பெயரினின்று பிறந்தது என்போரும் உளர். தமிழில் அஃது உழைப்பின் ஊதியம். உலகெங்கும் பரவிய பின் அது மனிதனின் பெயர், அதுவும் இழிபெயர். ஊதியத்தின் பெயரை மனிதனுக்குச் சூட்டி, அவ்வூதியத்தையும் சரிவரக் கொடாதிருந்தனர். மலேயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்த பின் ஒழிந்தது. கங்காணியும் தமிழன், கூலியும் தமிழன். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது வீசப்பட்ட வசைகள் எல்லாம் நம் மொழியிலேதான் வீசப்பட்டன.

இக்காலத்திலேதான் சிங்கப்பூரில் தமிழ்ச் சபைகள் வேரூன்றின. 1887இல் சோபியா பிளாக்மோர் அம்மையார் ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில் 9 சிறுமியரோடு தமிழ்ப் பெண் பள்ளியைத் தொடங்கினார்; அதே ஆண்டில் மெதடிஸ்டு சபையாரின் தமிழ் ஊழியமும் தொடங்கிற்று. 1888இல் ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென லூர்து மாதா கோயில் திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியா என இன்று வழங்கும் பகுதிக்கு இவை அண்மையில் உள்ளவை. சபைக்கு வெளியே நாவின் சீர்திருத்தத்தைக் கையிலெடுத்தோர் பிறிதொரு சாரார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசை ஒரு காசு விலையில் வெளியிட்டார். கள்ளும் சாதியும் ஒழிய வேண்டும் என்பது அவர்தம் இயக்கத்தின் குரல். கள்ளுக்கடை வசையின் கல்லூரி என்பதை அறிந்தோர்க்கு இவ்விரண்டும் ஒட்டி வந்தமை வியப்பாகாது.

சட்டத்தால் இவற்றைத் திருத்தலாமே எனின், ஓரளவு முயன்றும் இருக்கின்றனர். பிறர் மதவுணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு சொல்லும் சொல்லைக் குற்றமாக்கும் பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் சட்டமாயிற்று. 2007இல் சிங்கப்பூர் அதனோடு இனவுணர்வையும் சேர்த்தது. ஆனால் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணை எசமானி எப்படி விளிக்கிறாள் என்பதைப் பிடிக்கச் சட்டத்துக்குக் கையில்லை. வசைக்கும் கீழே, வசையென்றே தோன்றாத ஒன்று தமிழில் இருக்கிறது. அதுதான் வா, போ, நீ, அவன்.

1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்சைப் பின்பற்றிய குவேக்கர் என்னும் கிறிஸ்தவர், பெரியோரை மரியாதைப் பன்மையில் அழைக்க மறுத்தனர். நீதிபதியானாலும் பிரபுவானாலும் நீ என்றே அழைத்து, அதற்காகச் சிறையும் அடியும் ஏற்றனர். கடவுள் முன் யாவரும் ஒன்று என்பதை அவர் உயர்ந்தவரை இறக்கிக் காட்டினர். நம் நாட்டில் அவ்வழி செல்லாது. இங்கே தாழ்த்தப்பட்டவன் அன்றாடம் நீ என்பதைக் கேட்டே செவி மரத்தவன். அவனை நீங்கள் என்று ஏற்றுவதே தமிழில் சமத்துவம். ஆங் மோ கியோவில் கட்டட வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞனை, அவ்வூரிலேயே பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் மின்தூக்கியில் கண்டால் வாங்க என்பாரா, வா என்பாரா? ஒருபோதும் ஒரு கொச்சைச் சொல்லும் பேசாத நல்லவராகவே அவர் இருக்கட்டும், கேள்வி அதுவன்று.

அவர் கையிலுள்ள வேதாகமமே இக்கேள்வியோடு போராடியிருக்கிறது. கிரேக்கத்தில் ஒருவரை முன்னிலையில் அழைக்க ஒரே ஒருமைச் சொல். மரியாதை வேற்றுமை கிடையாது. தமிழில் பெயர்த்தவர் ஒவ்வோரிடத்திலும் யார் யாரினும் உயர்ந்தவர் என்று தாமே தீர்மானிக்க வேண்டியவராயினர். 1871இன் மொழிபெயர்ப்பில் பிலாத்து என்னும் தேசாதிபதி இயேசுவை நீ என்கிறான். இயேசு அவனை நீர் என்கிறார். கதை சொல்லுமிடத்தில் பிலாத்து கேட்டான், இயேசு சொன்னார். இவ்வளவும் தமிழரின் கை. அதே நூலில் சமாரியப் பெண்ணொருத்தி கிணற்றங்கரையில் இயேசுவைச் சந்திக்கிறாள். யூதர் சமாரியரோடு கலந்து பழகாத காலம். நம் ஊர்க் கிணற்றை அறிந்தவர்க்கு இதற்கு உரை வேண்டா. தாகத்தோடு வந்தவர் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் அவரை நீர் என்று அழைக்க, அவர் அவளை நீ என்று அழைத்து, 'தா' என்கிறார். தீட்டென்று யாரும் தீண்டாத குடத்தில் நீர் கேட்ட அந்த வாயில், சாதிக்காரனின் ஒருமையை 1871இன் தமிழ் வைத்துவிட்டது.

கத்தோலிக்கரும் மற்றவரும் கூடி உழைத்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. அதில் அதே கிணற்றங்கரையில், அதே பெண்ணிடம், அவர் 'கொடும்' என்று கேட்கிறார். சிங்கப்பூரின் புராட்டஸ்டண்டுத் தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் ஒலிப்பது இன்றும் பழைய மொழிபெயர்ப்பே. செவிக்குப் பழகிய அவ்வோசையை விட மனமில்லாத பெரியோர் பலர். ஆங் மோ கியோவில் ஒரே மாடியில், அடுத்தடுத்த இரண்டு கதவுகளுக்குள்ளே, ஒரு வீட்டில் 'தா' என்றும் மறுவீட்டில் 'கொடும்' என்றும் அந்த இடம் வாசிக்கப்படக்கூடும்.